திரைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் ஒருவர்

சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ 1921இல் வெளிவந்த படம். 2022இல் நம் பள்ளிக்கல்வித் துறை சிறார் திரைப்பட விழாவைத் தொடங்கி, அந்தப் படத்தை அரசுப் பள்ளிகளில் திரையிடச் சொன்னபோது அதற்கு வயது 101. அதே ஆண்டில் ‘தி ரெட் பலூன்’ என்ற பிரெஞ்சுப் படமும் வந்தது. 1956இல் பாரிஸ் தெருக்களில் எடுக்கப்பட்ட 34 நிமிடப் படம் அது. முதல் படம் மௌனப் படம். இரண்டாவதில் பேச்சு இருக்கிறது, ஆனால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

“இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்குமா டீச்சர்?” என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவருக்கு இருவராகக் கேட்டார்கள். பார்த்தார்கள். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இடம் போதாமல் தரையிலும் உட்கார்ந்து பார்த்தார்கள். இதே பிள்ளைகளுக்கு, நிறைய வசனம் உள்ள வேற்றுமொழிப் படம் ஒன்றைக் கீழே ஆங்கில எழுத்து ஓட ஓடப் போட்டால் பத்தாவது நிமிடத்தில் பேச்சுச் சத்தம் கிளம்பிவிடும். ஒரே பிள்ளைகள், ஒரே அறை. அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? பிறமொழிப் படம் நம்மிடம் எந்த வழியாக வந்து சேர்கிறது, வந்தபின் பார்ப்பவர் அதில் எதை எடுத்துக்கொள்கிறார் என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். மாதம் ஒருமுறை படம் போடும் ஆசிரியர்களுக்கு அது உதவும் என்பதால் இந்தக் கட்டுரை.

முதலில் வந்தது எல்லாமே வெளிநாட்டுப் படம்தான்

திருப்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில் கோவை. ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் வெரைட்டி ஹால் ரோடு என்று ஒன்று இருக்கிறது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய வெரைட்டி ஹால் என்ற திரையரங்கின் பெயர் அது. தென்னிந்தியாவின் மிகப் பழைய நிரந்தரத் திரையரங்குகளுள் ஒன்று. பின்னாளில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறியது.

வின்சென்ட் கோவைக்காரர். திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்தவர். 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். உடல்நலம் கெட்டதால் தொழிலைத் தொடர முடியாமல், கையிலிருந்த புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். வின்சென்ட் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து அவற்றை வாங்கினார். ரயில்வே வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்துப் படம் காட்டக் கிளம்பினார். கையில் இருந்த முக்கியமான படம் இயேசுவின் வாழ்க்கை பற்றியது. அதை வைத்துக்கொண்டு வடமேற்கு எல்லை வரை போய் வந்திருக்கிறார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்று நம் ஊர் மக்கள் பார்த்த சலனப் படம் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுப் படம். பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வருவதற்கே 1913 ஆனது. ‘வேற்றுமொழிப் படம்’ என்று தனியாக ஒரு வகை அப்போது கிடையாது. படத்தில் பேச்சு இல்லை. இடையிடையே எழுத்து அட்டைகள் மட்டும் வரும். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அப்படியும் கூட்டம் வந்தது.

கூட்டத்துக்குக் கதை எப்படிப் புரிந்தது? திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றார். எழுத்து அட்டை வந்ததும் அதை உரக்கச் சொல்வார். யார் யாருக்கு என்ன உறவு, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தன் சொந்தச் சரக்கையும் சேர்த்து அவிழ்த்துவிடுவார். தமிழ்நாட்டு மௌனப் பட வரலாற்றை எழுதிய சு. தியடோர் பாஸ்கரன் இவர்களைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். ஜப்பானில் இவர்களுக்குப் பென்ஷி என்று பெயர். அங்கே நடிகர்களுக்கு இணையாகப் பென்ஷிக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். இன்னவர் விளக்கம் சொல்கிறார் என்று போட்டே விளம்பரம் செய்தார்கள். இந்த வழக்கம் முற்றிலும் அழிந்துவிடவும் இல்லை. உகாண்டாவில் இன்றும் வீடியோக் கொட்டகைகளில் ஆங்கிலப் படத்துக்கு நடுவே ஒருவர் மைக்கில் லுகாண்டா மொழியில் கதை சொல்லிக்கொண்டே போவார். போலந்துத் தொலைக்காட்சியில் ஒரே ஆண்குரல் எல்லாப் பாத்திரங்களின் வசனத்தையும் உணர்ச்சி காட்டாமல் வாசித்துவிடும். பின்னால் மூலக் குரலும் மெல்லக் கேட்கும். அந்த ஊர் மக்களுக்கு அது பழகிப்போனது.

தெருக்கூத்தில் கட்டியங்காரனையும், பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னிருந்து பேசுபவரையும் பார்த்து வளர்ந்த ஊருக்கு, படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற மனிதர் அந்நியமாகத் தெரிந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பேசும் படம் வந்ததும்

1931 அக்டோபர் 31இல் ‘காளிதாஸ்’ வெளியானது. முதல் தமிழ்ப் பேசும் படம் என்று நாம் பாடம் நடத்துகிறோம். உண்மையில் அதில் டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பேசினார், இந்தியும் இருந்தது. நாயகி ஒரு மொழியில் கேட்க, நாயகன் வேறொரு மொழியில் பதில் சொல்லும் படம் அது. மக்கள் அதைக் குறையாக எண்ணித் திரும்பிப் போகவில்லை. திரையில் மனிதர்கள் பேசுவதே அதிசயமாக இருந்த நேரம். என் ஆறாம் வகுப்பில் தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் என்று நான்கு வீட்டுமொழிகள் இருக்கின்றன. ‘காளிதாஸ்’ பற்றிச் சொன்னபோது ஒரு பையன், “அப்ப அது நம்ம கிளாஸ் மாதிரி” என்றான்.

அதிசயம் தீர்ந்தபிறகு மொழி தடையாகிவிட்டது. பேசத் தொடங்கியவுடன் படங்கள் ஊர் பிரிந்தன. அந்தத் தடையைத் தாண்ட ஒவ்வொரு நாடும் ஒரு வழியைப் பிடித்தது. ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் போன்றவை குரல் மாற்றும் வழிக்குப் போயின. நெதர்லாந்து, சுவீடன் போன்ற சிறிய நாடுகள் கீழே எழுத்துப் போடும் வழிக்குப் போயின. ஒவ்வொரு படத்துக்கும் குரல் மாற்றும் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இத்தாலியில் காசு மட்டும் காரணமில்லை. முசோலினி ஆட்சி திரையில் அந்நிய மொழி கேட்கக் கூடாது என்று சட்டமே போட்டது.

நம்மிடம் ஏவி. மெய்யப்பன் கன்னடத்தில் எடுத்த ‘ஹரிச்சந்திரா’வை 1944இல் தமிழ்க் குரலோடு வெளியிட்டார். இந்திய டப்பிங்கின் தொடக்கம் என்று அதைச் சொல்வார்கள்.

வேறு இரண்டு வழிகளும் உண்டு. கதையை எடுத்து நம் ஊர் ஆட்களை வைத்து மறுபடி எடுப்பது ஒன்று. சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ 1954இல் ‘ராஜி என் கண்மணி’ ஆனது. மஜித் மஜிதியின் ஈரானியப் படம் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ 2022இல் ‘அக்கா குருவி’ ஆனது. இன்னொன்று, எதையும் மாற்றாமல் அப்படியே ஓட்டுவது. கே. பாலசந்தரின் தெலுங்குப் படம் ‘மரோ சரித்ரா’ சென்னையில் தெலுங்கிலேயே ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓடியது. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தமிழ்நாடு முழுக்க மலையாளத்திலேயே ஓடியது. இந்தப் படங்களுக்கெல்லாம் நம்மவர்கள் ஏற்கெனவே கைவசம் வைத்திருந்த ஏதோ ஒன்று பாலமாக இருந்தது. ‘மரோ சரித்ரா’வுக்குக் கமலின் முகம், காதலில் மொழி தெரியாத இருவர் என்ற கதையும் சேர்ந்துகொண்டது. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்துக்குக் கொடைக்கானலின் குணா குகையும் ‘குணா’ படப் பாட்டும். முழுக்கப் புதியதை யாரும் வாசலில் நின்று வரவேற்பதில்லை. தெரிந்த ஒன்று கையைப் பிடித்து அழைத்துவர வேண்டியிருக்கிறது. பாடம் நடத்துகிற நமக்கு இது புதிதல்ல.

குரல் மாற்றுவது என்றால் என்ன

டப்பிங் என்றால் மொழிபெயர்த்து வாசிப்பது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். மொழிபெயர்ப்பைவிட இது கடினமான வேலை. ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் சாரி’ என்று ஒருவர் சொல்ல நான்கு அசை போதும். அதையே ‘என்னை மன்னித்துவிடுங்கள்’ என்று எழுதினால் எட்டு அசை. திரையில் வாய் மூடிவிட்டது. குரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். எனவே எழுதுபவர் ‘மன்னிச்சிரு’ என்றோ, ‘தப்புதான்’ என்றோ சுருக்க வேண்டும். அதோடு நடிகரின் உதடு ஒட்டும் இடத்தில் ப அல்லது ம வந்தால்தான் கண்ணுக்கு உறுத்தாது. நம் மொழியில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் நடுவில் வந்துவிடும். அங்கே அடி விழும்போது ‘அடி’ என்ற சொல் வந்திருக்கும். இங்கே அடி விழுந்து முடிந்தபிறகு வரும். இதையெல்லாம் சரிக்கட்டித்தான் ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய முடிவு ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லோரும் ‘யூ’. தமிழில் நீயா, நீங்களா? மகன் அப்பாவை எப்படி அழைப்பான், காவலர் திருடனை எப்படி அழைப்பார், நண்பர்கள் எப்போது நீங்களிலிருந்து நீக்கு மாறுகிறார்கள்? மூலப் படத்தில் இல்லாத ஒன்றை டப்பிங் எழுதுபவர் தீர்மானிக்கிறார். அந்த இடத்தில் அயல்நாட்டுக் குடும்பம் தமிழ்க் குடும்பமாக மாறிவிடுகிறது.

குரலுக்கும் ரசிகர் மனத்தில் ஓர் உரிமை வந்துவிடுகிறது. 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழில் வந்தபோது ஏ. ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார், அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். பெரிய பெயர்கள்தான். ஆனால் முந்தைய தமிழ்ப் படங்களில் கேட்டுப் பழகிய குரல் மாறிவிட்டது என்று ரசிகர்கள் பலர் சமூக ஊடகங்களில் வருத்தப்பட்டார்கள். அவர்களுக்கு அந்த அமெரிக்க நாயகனின் ‘உண்மையான’ குரல், பெயர் தெரியாத ஒரு சென்னை டப்பிங் கலைஞருடையது! அதே ஆண்டு ‘தி லயன் கிங்’ படத்தில் அரவிந்த்சாமி வில்லன் ஸ்காருக்குக் குரல் கொடுத்தார். 1994இல் வந்த பழைய ‘லயன் கிங்’ படத்தின் தமிழ் வடிவில் நாயகன் சிம்பாவின் குரல் அவருடையது. ரோபோ சங்கரும் சிங்கம்புலியும் பும்பாவையும் டிமோனையும் நம் ஊர்ப் பேச்சுக்குக் கொண்டுவந்தார்கள். என் மாணவர்களில் பலருக்கு அது வெளிநாட்டுப் படம் என்று சொன்னால்தான் தெரியும்.

முன்பெல்லாம் ஆங்கிலப் படத்தின் பிரிண்ட் சென்னையில் ஓடித் தேய்ந்து, கோவைக்கு வந்து, நமக்கு வர மாதக்கணக்காகும். டிஜிட்டல் வந்தபின் பெட்டி தூக்கும் வேலை போய்விட்டது. நியூயார்க்கில் வெளியாகும் வாரத்திலேயே திருப்பூரில் தமிழில் ஓடுகிறது. தமிழ் வடிவுக்கும் தணிக்கைச் சான்று வாங்க வேண்டும்; தாமதம் அவ்வளவுதான்.

திருப்பூரில் யாருக்கு எது அயல்மொழி?

நம் ஊரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். ஞாயிறு விடுமுறை. ஞாயிறு மாலையில் பழைய பேருந்து நிலையம், காதர்பேட்டைப் பக்கம் நடந்தால் காதில் விழும் மொழிகளை எண்ணிப் பார்க்கலாம். ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் என்று பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பனியன் கம்பெனிகளில் பவர் டேபிளிலும் செக்கிங்கிலும் இருக்கிறார்கள். இந்திப் படத்துக்கு இங்கே கூட்டம் வருவது அவர்களால்தான். அந்தக் கூட்டத்திலும் எல்லோருக்கும் இந்தி தாய்மொழி இல்லை. ஒடியா பேசுபவருக்கு அதுவும் இரண்டாம் மொழிதான். தமிழ்ப் படத்துக்குப் போகும் வடமாநில இளைஞர்களும் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை ரஜினி படம்தான் வேற்றுமொழிப் படம். சண்டையும் பாட்டும் முகமும் அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

அவர்களில் குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் சேரும்போது தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கும் நிலையில் இருப்பார்கள். பேச்சுத் தமிழ் தெருவில் விளையாடும்போது வந்துவிடும். பாடநூல் தமிழ் வராது. அறிவியல் பாடமும் கணக்குக் கேள்வியும் அவர்களுக்கு அன்றாடம் எழுத்து ஓடும் அயல்மொழிப் படம் மாதிரிதான். ஆண்டுக்கு இருநூறு நாளும் அப்படி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, யாருக்குமே மொழி தேவைப்படாத ஒரு மணி நேரம் கிடைத்தால் என்ன ஆகும்? ‘தி கிட்’ ஓடியபோது அதைக் கண்ணால் பார்த்தேன்.

படத்தில் சாப்ளின் கண்ணாடி மாட்டும் தொழிலாளி. அவர் எடுத்து வளர்க்கும் பையன் முன்னால் போய்க் கல்லெறிந்து ஜன்னலை உடைப்பான். பின்னாலேயே சாப்ளின் கண்ணாடியோடு வருவார். அறை அதிர்ந்தது. “பையன் கைமடி, அப்பா டெய்லர்” என்றான் ஒருவன். தையல்காரருக்கு அருகில் இருந்து துணி மடித்துக் கொடுக்கும் உதவியாளைத்தான் இங்கே கைமடி என்கிறோம். பிறகு அதிகாரிகள் வந்து பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் காட்சி. அழுகிற பையனின் முகம் திரை முழுக்க. அறையில் ஒரு சத்தமும் இல்லை. முடிந்ததும் யாராவது கதை சொல்லுங்கள் என்றேன். வழக்கமாகக் கை தூக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் எழுந்தது, ஒடிசாவிலிருந்து வந்து ஓராண்டே ஆன ஒரு சிறுமி. தமிழும் இந்தியும் கைச்சைகையுமாக, கூரை மேல் சாப்ளின் ஓடியதை நடித்தே காட்டினாள். அதுவரை அவள் வகுப்பில் ஒரு முழு வாக்கியம் பேசிக் கேட்டதில்லை. அன்று பாடப்புத்தகம் யாரையும் முந்தவிடவில்லை. எல்லோரும் ஒரே கோட்டில் நின்று தொடங்கினார்கள்.

துறை இந்த இரு படங்களைத் தேர்ந்ததற்கு என்ன காரணம் சொல்லியிருந்தாலும், திருப்பூர் மாதிரி ஊருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியாது.

அந்த ஓர் அங்குலம்

‘பாரசைட்’ படத்துக்காக 2020 ஜனவரியில் கோல்டன் குளோப் விருது வாங்கிய கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோ, திரையின் அடியில் ஓடும் ஓர் அங்குல எழுத்துத் தடையைத் தாண்டிவிட்டால் எத்தனையோ அருமையான படங்கள் கிடைக்கும் என்ற பொருளில் பேசினார். அமெரிக்கர்களுக்குச் சொன்னது அது. சரியாகத்தான் சொன்னார். ஆனால் நம் ஆறாம் வகுப்புக்கு அந்த அங்குலம் மதில் சுவர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வரி எழுத்து திரையில் அதிகபட்சம் ஆறு விநாடி நிற்கும் என்பது இத்தொழிலில் பொதுவான அளவு. நிமிடத்துக்கு 60 சொல் வாசிக்கும் குழந்தை ஆறு விநாடியில் ஆறு சொல் வாசிக்கும். இரண்டு வரியில் எட்டு, ஒன்பது தமிழ்ச் சொற்கள் இருக்கும், அவையும் சந்தி சேர்ந்த நீளமான சொற்கள். குழந்தை முடிப்பதற்குள் எழுத்து போய்விடும். அதை எட்டிப் பிடிக்கப் போனதில் முகபாவமும் போய்விடும். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம். பத்தாவது நிமிடத்தில் எழும் பேச்சுச் சத்தத்துக்கு ஒழுக்கக்குறைவு காரணமல்ல.

அதே எழுத்தை வேறு விதமாகப் பயன்படுத்தியவர் ஒருவர் இருக்கிறார். பிரிஜ் கோத்தாரி அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோது ஸ்பானிஷ் கற்றுவந்தார். நண்பர்களோடு ஸ்பானிஷ் இயக்குநர் அல்மோதோவரின் படம் ஒன்றைப் பார்க்கையில், கீழே ஆங்கிலத்துக்குப் பதில் ஸ்பானிஷிலேயே எழுத்து ஓடினால் மொழி கற்க உதவுமே என்று அவருக்குத் தோன்றியது. இந்தியாவில் இந்திப் பாட்டுக்கு இந்தியிலேயே எழுத்துப் போட்டால் அரைகுறையாக வாசிப்பவர்கள் தேறிவிடுவார்களே என்று அந்த யோசனை வளர்ந்தது. 1996இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் இதைத் தொடங்கினார். பின்னர் தூர்தர்ஷனின் ‘சித்ரஹார்’, ‘ரங்கோலி’ நிகழ்ச்சிகளிலும் பாட்டின் வரிகள் திரையில் ஓடின. பாட்டு மனப்பாடமாகத் தெரியும். காது சொல்வதைக் கண் தேடிப் பிடிக்கிறது. தமிழ் கற்கத் தொடங்கும் வடமாநிலப் பிள்ளைகளுக்கு, அவர்கள் ஏற்கெனவே முணுமுணுக்கும் தமிழ்ப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தோடு போட்டுக்காட்டுகிறேன். நன்றாகவே வேலை செய்கிறது.

நடுவில் நிற்பவர்

ஆகவே வசனம் உள்ள வேற்றுமொழிப் படத்தைப் பள்ளியில் காட்ட வேண்டுமானால் பழைய முறைதான் கைகொடுக்கிறது: திரைக்குப் பக்கத்தில் ஒருவர். ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தை அப்படித்தான் காட்டினேன். பாரசீக மொழிப் படம். அண்ணன் தங்கையின் ஒரே ஜோடிக் காலணியைத் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொல்ல முடியாது. அண்ணனின் காலணியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார்கள். அவளுக்குக் காலையில் பள்ளி, அவனுக்கு மதியம். ஈரானில் பள்ளி இரண்டு நேரமாக நடப்பதை விளக்க வேண்டியிருக்கும் என்று குறித்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. “அவளுக்குப் பகல் ஷிப்ட், அவனுக்கு நைட் ஷிப்ட்” என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். அம்மா வீடு திரும்பும் நேரத்தில் அப்பா கம்பெனிக்குக் கிளம்பும் வீடுகள் இங்கே நிறைய. நான் விளக்க வேண்டியிருந்தது வேறு: “அங்கே கவர்மெண்ட்ல செருப்புத் தர மாட்டாங்களா டீச்சர்?” விலையில்லாக் காலணி வாங்கி வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுதான் புரியவில்லை. அதிலிருந்து அரைமணி நேரப் பேச்சு நடந்தது. குடிமையியல் பாடத்தில்கூட அப்படி நடந்ததில்லை.

விளக்கம் சொல்பவர் எவ்வளவு பேச வேண்டும் என்பதுதான் நுட்பமான இடம். படம் முழுக்க உடன் பேசிக்கொண்டே போனால் பிள்ளைகள் திரையை விட்டுவிட்டு நம் வாயைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பழைய கொட்டகை விளக்கக்காரருக்குக் கூட்டத்தைக் கட்டிப்போடும் கட்டாயம் இருந்தது, நமக்கு இல்லை. நான் செய்வது இது. படத்தை ஒருமுறை தனியாகப் பார்த்து, வசனம் தெரியாமல் கதை முறிந்துபோகும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்வேன். ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தில் அப்படி ஒன்பது இடங்களே வந்தன. தொடங்கும்முன் ஊர், குடும்பம், யார் யார் என்று ஐந்து நிமிடம். பிறகு அந்த ஒன்பது இடங்களில் மட்டும் ஒரு வரி. ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசுதான் காலணி என்பதைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் பையன் முதலாவதாக வந்துவிட்டு அழுவது புரியாது. அதைச் சொன்னபின் கடைசி இருபது நிமிடம் நான் வாயே திறக்கவில்லை. அவன் ஜெயித்தபோது பாதிப் பிள்ளைகள் கைதட்டினார்கள், பாதிப் பேர் “ஐயோ” என்றார்கள். தட்டியவர்களும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

வகுப்பில் வேறு மொழிப் பிள்ளைகள் இருந்தால் அந்த ஒரு வரியை அவர்களில் ஒருவர் தம் மொழியில் திரும்பச் சொல்லலாம். இதற்கு முன்கூட்டியே அந்தப் பிள்ளையிடம் கதையைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அன்று வகுப்பில் ஒரு பதவி கிடைத்த மாதிரி.

துறை அனுப்பும் படத்தைத் தவிர வேறு படம் காட்டலாமா என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்வையாளராக இருக்கும்போது பள்ளிச் செயல்பாடாகப் படம் காட்ட 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. தலைமையாசிரியரின் அனுமதியும், படத்தை முழுமையாக முன்பே பார்ப்பதும் கட்டாயம்.

படம் முடிந்ததும் விமர்சனம் எழுதச் சொன்னால் பெரும்பாலும் ‘நன்றாக இருந்தது’ என்று நான்கு வரி வரும். அதற்குப் பதில் டப்பிங் எழுதச் சொல்லிப் பாருங்கள். ‘தி ரெட் பலூன்’ படத்தில் பலூன் பையனைத் தொடர்ந்து பள்ளிக்கே வந்துவிடும். கோபமான தலைமையாசிரியர் பையனை இழுத்துப்போய் அறையில் பூட்டிவிடுவார். அந்தப் பகுதியை ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டி, குழுவுக்கு ஒன்றாக வசனம் எழுதச் சொன்னேன். விதி இரண்டு: வாய் அசையும் நேரத்துக்குள் வசனம் முடிய வேண்டும், ஒவ்வொருவரும் அடுத்தவரை எப்படி அழைக்கிறார் என்று குழு முதலில் முடிவு செய்ய வேண்டும்.

முதல் விதிக்காக வரிகளை வெட்டி வெட்டிச் சுருக்கினார்கள். சொற்சுருக்கம் பற்றி நான் நடத்தும் எந்தப் பாடத்திலும் அப்படி வேலை நடப்பதில்லை. இரண்டாவது விதியில் சண்டை வந்தது. ஒரு குழுவின் தலைமையாசிரியர் பையனை ‘நீ’ என்றார். இன்னொரு குழு, நம் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதானே கூப்பிடுகிறார்கள், கோபத்திலும் ‘உள்ள போங்க கண்ணு’ என்றுதான் சொல்வார் என்று வாதாடியது. கொங்குப் பேச்சு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. வடமாநிலப் பிள்ளைகள் இருந்த குழு எழுந்து, தங்கள் மொழியில் இரண்டல்ல, மூன்று என்றது. இந்தியில் தூ, தும், ஆப். ஒடியாவில் து, துமே, ஆபண. நடுவில் இருக்கும் அந்த ‘தும்’ தமிழில் எங்கே என்று ஒருவன் கேட்க, வகுப்பு யோசிக்கத் தொடங்கியது. ‘நீர்’ என்று ஒருத்தி சொன்னாள். அது பாட்டுப் புத்தகத்தில் மட்டும்தான் வரும் என்றான் பக்கத்தில் இருந்தவன். திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று, “எங்க தாத்தா இப்பவும் ‘நீரு’ன்னுதான் சொல்லுவாரு” என்றது. மணி அடித்துவிட்டது, தலைமையாசிரியர் பையனை என்னவென்று அழைப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.